70-க்கு 90

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "பழைய கார், மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைப் பற்றி அரை மணி நேரம் பேசு. ஆனா கிளாஸ் எடுத்துடாதே" என்றார். என் பேச்சை மதியச் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் போட்டவரும் அவரேதான். ஆகவே யாராவது கண் அயர்ந்தால் பழி என்மேல் விழாது என்று நம்புகிறேன்.

காலையில் காபி குடிக்கும்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக் கொண்டார். "அண்ணா, எல்லாம் பேட்டரிக்குப் போயிட்டிருக்கு. ஐ.சி. எஞ்சின் பேப்பரை இன்னும் எதுக்கு எங்க தலையில கட்டுறாங்க?" நியாயமான கேள்வி. நான் எஞ்சின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். என் சோறே அதில்தான் இருக்கிறது. அதனால் நான் சொல்வதை அவர் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக் கொள்வது நல்லது. அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், இரண்டே இரண்டு எண்களை எடுத்துக் கொள்கிறேன். 70, 90.

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. இந்த அரங்கில் அதை ஓட்டியவரோ, ஓட்ட ஆசைப்பட்டவரோ, பின்னால் உட்கார்ந்து போனவரோ இல்லாத வரிசை இருக்காது. யுத்தம் முடிந்து 1948-ல் இங்கிலாந்தில் அறிமுகமான அந்த வண்டியின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 சி.சி. சொல்லப்போனால் யுத்தத்துக்கு முன்பே அந்தக் கம்பெனியின் 350 வண்டிகளுக்கு இதே அளவுதான். 2023-ல் நம்மூர் புல்லட் முற்றிலும் புதிய எஞ்சினோடு வரும்வரை, உள்ளே எத்தனையோ மாறியும் இந்த இரண்டு எண்களும் மாறவில்லை. மூன்று தலைமுறை அதில் ஓட்டியிருக்கிறது.

விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் சமமாக 76, 76 என்று வைத்தாலும் ஏறக்குறைய அதே சி.சி.தான் வரும். விட்டம் 84, ஸ்ட்ரோக் 62 என்றாலும் அப்படியே. நம் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? விட்டம் பெரிதானால் பெரிய வால்வு வைக்கலாம், எஞ்சின் நன்றாக மூச்சு விடும். ஸ்ட்ரோக் குறைந்தால் பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் ஓட வேண்டும், வேகமாகச் சுற்றலாம். அதிக சக்தி. பரீட்சையில் இப்படி எழுதினால் முழு மார்க். அப்படியானால் ரெட்டிச்சில் வரைபலகை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அவர்கள் கையைப் பிடித்து இழுத்தது வேறு.

முதலில் கார்களின் கதையைச் சொல்கிறேன், அதில்தான் சங்கதி பளிச்சென்று தெரியும். 1906-ல் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சூத்திரம் போட்டது. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கப்படுத்து, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கு, இரண்டரையால் வகு; வருவதுதான் குதிரைத்திறன். ஸ்ட்ரோக் எங்கே? கிடையாது! பிஸ்டன் நிமிடத்துக்கு 1000 அடி ஓடும் என்று ஒரே அளவாக எடுத்துக் கொண்டு கணக்கை முடித்துவிட்டார்கள். அன்றைய எஞ்சின்களுக்கு அது பொருந்தாத கணக்கும் இல்லை. வினை எங்கே வந்தது என்றால், அரசாங்கம் இந்தச் சூத்திரத்தைப் பிடித்துக் கொண்டு வரி போட்டது. 1921 முதல் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன்.

வரி விட்டத்துக்கு, ஸ்ட்ரோக்குக்கு வரி இல்லை. நீங்கள் எஞ்சின் வரைபவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர்களும் அதையே செய்தார்கள். விட்டத்தைச் சுருக்கி, ஸ்ட்ரோக்கை இழுத்தார்கள்.

ஃபோர்டு மாடல் டி அமெரிக்காவில் பிறந்த வண்டி. விட்டம் 3¾ அங்குலம், ஸ்ட்ரோக் 4 அங்குலம், கொள்ளளவு 2900 சி.சி., உண்மையான சக்தி 20 குதிரை. இங்கிலாந்துச் சூத்திரத்தில் போட்டால் 22½ வரும். வரி 23 பவுன். அதே காலத்து மோரிஸ் கௌலிக்கு விட்டம் 69½ மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 102. சூத்திரப்படி 11.9 குதிரை, வரி 12 பவுன். உண்மையில் அதன் சக்தி ஃபோர்டுக்குக் குறைந்ததில்லை. மான்செஸ்டரிலேயே தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு 1920-களில் மோரிஸிடம் சந்தையை இழந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குகிறவர் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பணம் அது. 1930-களின் மோரிஸ் எய்ட்டைப் பாருங்கள்: விட்டம் 57, ஸ்ட்ரோக் 90. ஊதுகுழல் மாதிரி சிலிண்டர்!

1947-ல் அந்த வரிமுறையைக் கைவிட்டார்கள். வரி போனது, பழக்கம் போகவில்லை. துளை போடும் இயந்திரம், வார்ப்பு அச்சு, வரைபவரின் கை எல்லாம் அதே அளவுக்குப் பழகியிருந்தன. நம் அம்பாசடருக்கு 1959 முதல் வந்த 1489 சி.சி. எஞ்சினின் விட்டம் 73, ஸ்ட்ரோக் 89. இலண்டன் வரி அலுவலகத்தில் எவரோ போட்ட கணக்கின் நிழல், 1990-கள் வரை நம் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு நின்று கொண்டிருந்தது.

இப்போது சிலர் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. 'மோட்டார் சைக்கிளுக்கு அந்த வரியா?' கிடையாது. அதற்குக் கணக்கு வேறு. விட்டத்தைப் பார்த்து வரி போடவில்லை. புல்லட்டின் 70-க்கும் 90-க்கும் முதல் காரணம் பெட்ரோல் என்பேன்.

சிலிண்டருக்குள் தீப்பொறி விழுந்ததும் கலவை முழுவதும் ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கில் தொடங்கிய தீ, வயலில் வைத்த நெருப்பு மாதிரி, பரவிக் கொண்டே போகிறது. தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகித் தானாகவே பற்றிக் கொண்டால் அதுதான் நாக்கிங். மேட்டில் ஏறும்போது உள்ளே சில்லறை குலுக்குவது போலக் கேட்குமே, அது. விட்டுவிட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். ஹாரி ரிக்கார்டோ என்ற இங்கிலாந்துப் பொறியாளர் முதல் யுத்தக் காலத்தை ஒட்டி, ஓடும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஓர் எஞ்சினைக் கட்டி, ஒவ்வொரு எரிபொருளும் எந்த அழுத்தத்தில் நாக் அடிக்கிறது என்று அளந்து வைத்தார். குற்றவாளி எஞ்சின் மட்டும் இல்லை, டாங்கில் இருக்கும் பெட்ரோலும்தான் என்பது அதன் பிறகுதான் ஊருக்கு உறைத்தது. பக்க வால்வு எஞ்சினுக்கு அவர் வடிவமைத்த தலை, பிஸ்டன் மேலே வரும்போது கலவையைப் பிதுக்கிக் கலக்கிவிடும். தீ வேகமாகப் பரவும், நாக்கிங் குறையும். மலிவான கார்கள் எத்தனையோ ஆண்டு பிழைத்தது அந்தத் தலையால்.

இதே நாக்கிங்கைத் தீர்க்க அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் கண்டுபிடித்த வழி, பெட்ரோலில் ஈயக் கலவை சேர்ப்பது. எஞ்சினுக்கு அமிர்தம். எத்தனை ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் அந்த ஈயம் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு. இந்தியாவில் அதை முழுவதும் நிறுத்த 2000 ஆண்டு வரை ஆயிற்று. எல்லோரும் கொண்டாடிய ஒரு பொறியியல் விடை இது. நம் பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை.

புல்லட்டுக்கு வருகிறேன். இரண்டாம் யுத்தக் காலத்தில் இங்கிலாந்தில் எல்லாக் கம்பெனிப் பெட்ரோலையும் ஒன்றாக்கி 'பூல் பெட்ரோல்' என்று ஒரே சரக்காக விற்றார்கள். ஆக்டேன் எழுபதைச் சுற்றித்தான். யுத்தம் முடிந்து 1953 வரை அதுதான் நிலைமை. அந்தப் பெட்ரோலில் பெரிய விட்டம் வைத்தால் தீ நெடுந்தூரம் போக வேண்டும், நாக்கிங் நிச்சயம். விட்டம் சிறியதாக, அழுத்த விகிதம் குறைவாக இருந்தால் பிழைக்கலாம். குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை வேண்டும். பாரமான ஃபிளைவீல் போடு. வால்வு உலோகமும் ஸ்பிரிங்கும் நம்பத்தக்கதாக இல்லை; அதிகம் சுற்றாதே. இப்படி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் 70-ம் 90-ம் தானாக வந்து உட்காரும்.

பிஸ்டன் வேகத்தையும் போட்டுப் பாருங்கள். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 5000 ஆர்.பி.எம். என்றால் சராசரி நொடிக்கு 15 மீட்டர். 1906-ன் சூத்திரக்காரர்கள் நினைத்தது நொடிக்கு 5 மீட்டர். அந்தக் காலத்து உலோகத்துக்கு மூன்று மடங்கு என்பதே பெரிய காரியம்.

அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எண்ணெய்க்குத் தனியாக டாங்க் கிடையாது. கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறை ஒதுக்கியிருப்பார்கள். வெளியே குழாய்கள் குறைவு. கியர் பெட்டி தனி. எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பிக் எண்டில் உருளை பேரிங் இல்லை, இரண்டு பக்கமும் வழுக்கிச் சுற்றும் ஒரு மிதக்கும் புஷ். ரெட்டிச் என்பது ஒரு காலத்தில் தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். நுணுக்கமாகக் கடையத் தெரிந்த கைகள் என்று பார்த்தவுடன் தெரியும். அந்தப் புஷ்ஷுக்கு நல்ல எண்ணெய் தொடர்ந்து கிடைத்தால் நெடுநாள் உழைக்கும், கிடைக்காவிட்டால் மன்னிக்காது.

'டுப் டுப்' சத்தத்தைச் சொல்லாமல் விட்டால் பின்வரிசை அண்ணன்மார்கள் அடிக்க வருவார்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடி. 900 ஆர்.பி.எம்.மில் நின்றபடி ஓடும்போது நொடிக்கு ஏழரை வெடி. நம் காது அதைத் தனித்தனியாக எண்ணும். நொடிக்கு இருபதைத் தாண்டினால் எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரமாகிவிடும். பாரமான ஃபிளைவீல் இருப்பதால்தான் அவ்வளவு மெதுவாக ஓடியும் அணையாமல் நிற்கிறது. சத்தத்துக்காக எவரும் அதை வடிவமைக்கவில்லை.

இனி நம்மூர். 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் நூற்றுக்கணக்கில் புல்லட் வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் பாகங்கள் அனைத்தும் இங்கேயே தயாராயின. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. தாய் வீடு போயிற்று, பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. 1977-ல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வரும், பெருமையும் வரும்.

பெருமையோடு ஒரு குறையும் உண்டு. ரெட்டிச்சிலிருந்து நமக்கு வரைபடம் வந்தது, விடைகள் வந்தன. அந்த விடைகள் எந்தக் கேள்விகளுக்கு எழுதப்பட்டவை என்ற காகிதம் கூட வரவில்லை. ஒரு கம்பெனியைச் சொல்லவில்லை, அந்தக் காலத்து நம் தொழில் முழுவதையும் சொல்கிறேன். லைசென்ஸ் காலம், போட்டி இல்லை, வண்டிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். எவரும் எதையும் ஏன் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இது வெறும் பழங்கதை இல்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு கிராங்க் ஷாஃப்ட் வரைபடத்தில் எண்ணெய்த் துளையின் விளிம்பை உருட்டி மெருகேற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பு இருந்தது. அதற்கு ஒரு தனி ஆபரேஷன், தனி ஆள். செலவைக் குறைக்க வந்தவர்கள், "இது எதுக்கு?" என்று கேட்டார்கள். எவருக்கும் தெரியவில்லை. "ரொம்ப நாளா இருக்கு சார், அந்தக் காலத்துல பெரியவங்க போட்டது" என்று பதில். எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் சோதனை ஓட்டத்தில் ஷாஃப்டுகள் ஒடிய ஆரம்பித்தன. விரிசல் ஒவ்வொன்றும் அந்தத் துளையின் கூரான விளிம்பிலிருந்துதான் கிளம்பியிருந்தது. குறிப்பைப் போட்டவர் எப்போதோ இப்படி ஓர் ஒடிந்த ஷாஃப்டைப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார். அதை ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும்.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். புல்லட் இங்கே அத்தனை காலம் நின்றதற்குப் போட்டியின்மை மட்டும் காரணம் இல்லை. 1940-களின் இங்கிலாந்து கேட்ட கேள்விகளையே நம் ஊரும் நெடுங்காலம் கேட்டுக் கொண்டிருந்தது. ஆக்டேன் குறைந்த பெட்ரோல், குண்டும் குழியுமான சாலை, மலைப்பாதையில் ராணுவம், பாரம், நாலு ஸ்பானரோடு மரத்தடியில் பிரித்து மாட்டும் மெக்கானிக். விடை பொருந்திப் போயிற்று. அந்த மரத்தடி மெக்கானிக்குகளில் சிலருக்கு நம்மைவிட 'ஏன்' தெரியும். மிதக்கும் புஷ்ஷுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை விரலால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஜப்பான்காரர்கள் கேட்ட கேள்வி வேறு. ஹோண்டா 1959-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்குப் போனது. 1961-ல் 125, 250 இரண்டு பிரிவிலும் வென்றது. சின்ன சிலிண்டர், நிறைய சுற்று. 1969-ல் வந்த அவர்களின் சி.பி. 750-க்கு நாலு சிலிண்டர், விட்டம் 61, ஸ்ட்ரோக் 63. அது 8000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது பிஸ்டன் வேகம் நொடிக்கு 17 மீட்டருக்குள்தான். அதாவது புல்லட்டின் பிஸ்டனைவிடக் கொஞ்சமே கூடுதலாக ஓடி, ஒன்றரை மடங்குக்கு மேல் சுற்றுகிறது! நம் நாட்டுக்கு 1984, 85-ல் ஹோசூரின் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா என்று அவர்களுடைய 100 சி.சி. வண்டிகள் வந்ததும் கேள்வியே மாறிவிட்டது: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? புல்லட்டிடம் அதற்கு விடை இல்லை. 1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக் கொண்டது.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை ஓய்வுக்கு அனுப்பியது ஜப்பான் இல்லை, புகை விதிகள். காற்றில் ஆறும் இரும்பு சிலிண்டர் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அதற்காக இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் எண்ணெய் மேலே ஏறி எரியும். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் அதற்கு மேல் சுத்தமாகாது. 2010 வாக்கில் அது நின்று, எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பாக உள்ள எஞ்சின் வந்தது. அதிலும் 350-க்கு அதே 70, 90. பிறகு 2020-ல் மீட்டியாரில் வந்து 2023-ல் புல்லட்டுக்கும் வந்த எஞ்சினில்தான் எண்கள் மாறின: விட்டம் 72, ஸ்ட்ரோக் 85.8. கேம் ஷாஃப்ட் தலைக்குப் போய்விட்டது, அதிர்வைக் குறைக்க ஒரு எதிர் எடைத் தண்டு, பெட்ரோலைக் கணினி அளந்து விடுகிறது. நல்ல பெட்ரோல், நல்ல உலோகம் எல்லாம் இருக்கிறது. விருப்பப்பட்டால் 84-க்கு 62 வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஸ்ட்ரோக் இன்னும் நீளம்தான். முன்பு வேறு வழியில்லாமல் வந்ததை, இந்த முறை சென்னையிலும் இங்கிலாந்திலும் உட்கார்ந்து தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் புதிய எஞ்சினின் கொள்ளளவு 349 சி.சி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது 350 சி.சி.யைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதலாக 3 சதவீதம் செஸ் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோடு மதில்சுவராகிவிட்டது: 350 வரை 18 சதவீதம், ஒரு சி.சி. தாண்டினாலும் 40 சதவீதம். கார்களிலும் இப்படித்தான், 2006-ல் சிறிய கார் என்றால் 4 மீட்டருக்குள் என்று வரி விதி வந்தபின், டிக்கியை வெட்டிய மாதிரி எத்தனை கார்கள் சாலையில் ஓடுகின்றன என்று வீட்டுக்குப் போகிற வழியில் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இந்த வருஷம் ஏதோ ஒரு வடிவமைப்புப் பிரிவில், உங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர் ஒருவர், 350 என்ற எண்ணை முன்னால் வைத்துக் கொண்டு விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் போட்டுப் பார்த்துக் கொண்டிருப்பார். பேட்டரி வண்டி வரைபவரின் மேசையிலும் செல் விலை, சூடு, சார்ஜ் நேரம், மானிய விதி என்று நாலு காகிதம் இருக்கும். நீங்கள் எந்த மேசைக்குப் போனாலும் சரி, உங்கள் வரைபடத்தில் ஏன் இந்த அளவு என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் செலவைக் குறைக்க ஒருவர் நிச்சயம் வருவார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். நம் ஆய்வகத்தில் வெட்டித் திறந்து வைத்திருக்கும் எஞ்சின் இருக்கிறதல்லவா, தேநீருக்குப் பிறகு அங்கே இருப்பேன். அதன் விட்டமும் ஸ்ட்ரோக்கும் என்னவென்று நான் சொல்லப் போவதில்லை. யாராவது ஒரு வெர்னியர் கொண்டு வாருங்கள்.